பேப்பர் யாவாரி "பின்னேரம் சொல்லுறன்" எண்ட நாள்

2022 மாசி மாசக் கடைசி, இலங்கை பொருளாதார நெருக்கடியில விழுந்துகொண்டிருந்த நேரம் (எங்கட பக்கம் பெப்ரவரியை மாசி எண்டுவம், இங்கிலீஷ் மாசங்களுக்குத் தமிழ்ப் பேர் சொல்லுறது வழக்கம்). யாழ்ப்பாணத்தில நான் ஒரு சின்ன அச்சகம் வச்சிருக்கிறன், கலியாணக் கார்ட், பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிக் கல்வெட்டு (செத்தவரை நினைச்சு அடிக்கிற சின்னப் புத்தகம்) எண்டு ஓடுற கடை. கொழும்பில எனக்கு வழமையா பேப்பர் தாற யாவாரிக்கு போன் எடுத்து கார்ட் அடிக்கிற ஆர்ட் போர்ட் பேப்பர் என்ன விலை போகுது எண்டு கேட்டன். மனுசன் பத்துப் பன்னிரண்டு வருஷமா கேட்ட உடன வாயால விலை சொல்லுறவர், அண்டைக்கு "தம்பி, பின்னேரம் சொல்லுறன்" எண்டு வச்சிட்டார். பின்னேரம் எடுத்தா, காசு இப்பவே பாங்கில போட்டா இந்த விலை, நாளைக்கு எண்டால் நாளைக்குக் கேளுங்கோ எண்டார். எனக்குக் கோவம்தான் வந்தது, ஆள் பதுக்குறார் எண்டு நினைச்சு ரெண்டு வார்த்தை கூடக் கதைச்சுப் போட்டன். பாவம், அவர் பதுக்கேல்ல, அவருக்கே தன்ர அடுத்த கொண்டெய்னர் என்ன டொலர் விலைக்கு வரும், வருமோ வராதோ எண்டு தெரியாது.

அந்த நேரம் என்ர கையில ஒரு கலியாணக் கார்ட் ஓர்டர் கிடந்தது. வைகாசியில கலியாணம், தை மாசமே வந்து 600 கார்டுக்குப் பேசி அட்வான்சும் தந்திட்டுப் போனவை. ஒரு கார்ட் 85 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டனான். அட்வான்ஸ் காசை நான் என்ன செய்தனான் எண்டால், அந்த மாச மெஷின் லீசிங் தவணைக்குக் கட்டிப்போட்டன். பேப்பர் பிறகு எடுக்கலாம்தானே எண்ட நினைப்பு. சித்திரையில பேப்பர் எடுக்கப் போகேக்க வெறும் பேப்பரும் கவரும் மட்டுமே நான் சொன்ன விலையைத் தாண்டிட்டுது, அடிக்கிற கூலி, மை, கரண்ட் எல்லாம் என்ர தலையில. பொம்பிளையின்ர அப்பா நல்ல மனுசன், கொஞ்சம் கூட்டித் தாறன் எண்டார், ஆனா அவருக்கும் மண்டபம், சாப்பாடு எல்லாம் ரெண்டு மடங்கு ஆகியிருந்த நேரம், எனக்கு வாய் திறந்து கேட்க மனம் வரேல்ல. நட்டத்துக்கு அடிச்சுக் குடுத்தன். அண்டைக்கிருந்து இண்டைக்கு வரைக்கும் என்ர கடையில ஒரு பழக்கம், அட்வான்ஸ் வாங்கினா அண்டைக்கே அந்த வேலைக்குரிய பேப்பர் வாங்கி பேர் எழுதி ஒட்டி வச்சிடுவன். அட்வான்ஸ் எண்டுறது என்ர காசு இல்ல, அது வாடிக்கையாளின்ர பேப்பர். இது விளங்க எனக்கு 45 வயசு ஆகவேண்டி இருந்தது.

பெற்றோல் லைன், காஸ் லைன், 13 மணித்தியாலம் கரண்ட் கட் எல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்கள், நான் திரும்ப எழுதேல்ல. எனக்கு எழுதவேணும் எண்டு கிடக்கிறது அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்தைப் பற்றி. ஏனெண்டால் அந்த ரெண்டு வருஷமும் நான் சந்தோஷமா இருந்தனான். அதுதான் பிரச்சினை.

2019 கார்த்திகையில ஆட்சி மாறிச்சுது, மார்கழி 1ம் திகதியில இருந்து வற் வரி (சாமான் விலையோட சேர்த்து எடுக்கிற பெறுமதி சேர் வரி) 15 வீதத்தில இருந்து 8 வீதத்துக்கு வந்தது. தேச நிர்மாண வரி எண்டு ஒண்டு இருந்தது, அதையும் எடுத்தாச்சு. 2020 தை மாசத்தோட சம்பளத்தில கழிக்கிற பேயே வரியும் இல்லை. வற்றுக்குப் பதியிற எல்லை மாசம் 10 லட்சம் வியாபாரத்தில இருந்து 250 லட்சத்துக்குப் போட்டுது, அதால என்ரை மாதிரிக் கடையள் எல்லாம் ஒரே நாளில வற்றுக்கு வெளியில வந்திட்டம். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமோ, கணக்குப் பிள்ளைக்குக் குடுக்கிற காசு மிச்சம், ரிட்டேர்ன் போடுற தலையிடி இல்லை. அப்ப ஒருத்தரும் கேட்கேல்ல, அரசாங்கத்துக்கு வாற காசு குறைஞ்சா செலவுக்கு எங்கால எடுப்பாங்கள் எண்டு. நானும் கேட்கேல்ல. 2021ல நாட்டின்ர மொத்த உற்பத்தியில (ஜீடிபி) வரி வருமானம் 8 வீதத்துக்கும் கீழ போட்டுது, உலகத்திலயே ஆகக் குறைவா வரி எடுக்கிற நாடுகள்ல ஒண்டு எண்ட நிலை.

பேந்து கொரோனா வந்தது. வட்டியை மத்திய வங்கி நல்லா இறக்கிச்சுது, வங்கிகளுக்குக் கடன் குடுக்கிற வட்டியே 2020 ஆடியில 5.5 வீதம். வங்கித் தம்பி ஒருத்தர் கடைக்கு வந்து, அண்ணை இதை விட்டா இப்பிடி வட்டி இனி வராது, நாலு கலர் மெஷின் ஒண்டு எடுங்கோ எண்டார். எடுத்தன். ஓவர் டிராஃப்டையும், அதுதான் கணக்கில இருக்கிறதுக்கு மேல எடுக்கிற கடன், கூட்டித் தந்தாங்கள். ஓவர் டிராஃப்ட் கடிதத்தில கீழ சின்ன எழுத்தில வட்டி மாறலாம் எண்டு இருந்தது, நான் அச்சடிக்கிறவன், சின்ன எழுத்து எனக்குக் கண்ணில படாமல் இருக்கேலாது, வாசிச்சனான், வாசிச்சும் கையெழுத்து வச்சனான்.

அரசாங்கமும் நான் செய்ததைத்தான் செய்திருக்கு, பெரிய அளவில. வரி இல்லை, வெளியில கடனும் எடுக்கேலாது, ஏனெண்டால் 2020லயே நாடுகளின்ர கடன் கட்டுற தகுதியைக் கணிக்கிற சர்வதேச ரேட்டிங் நிறுவனங்கள் இலங்கையை இறக்கிட்டுதுகள். அப்ப மிச்சம் இருந்த வழி காசு அடிக்கிறது. மத்திய வங்கி கையில இருந்த திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்குக் குடுக்கிற பத்திரம்) 2019 முடிவில 100 பில்லியன் ரூபாய்க்கும் குறைவு, 2021 முடியேக்க அது 1,000 பில்லியனைத் தாண்டிட்டுது. காசு அடிக்கிறது எண்டோன்ன சனம் நோட்டு அச்சடிக்கிற மெஷினைத்தான் நினைக்குது, என்னட்டக் கூட ஒரு ஐயா பகிடியா "தம்பி உங்கட மெஷினில அடிக்கேலாதோ" எண்டு கேட்டவர். பெரும்பாலும் அது கணக்கில எழுதுற காசு, அரசாங்கம் கடன் பத்திரம் குடுக்கும், மத்திய வங்கி அதை வாங்கிக்கொண்டு கணக்கில இலக்கம் ஏத்தி விடும், அந்த இலக்கம் சம்பளமா, ஓய்வூதியமா வெளியில வந்து கடையில சாமான் வாங்கப் போகும். சாமான்ல பாதி கப்பல்ல வாறது. கப்பல்காரன் ரூபாய் எடுக்க மாட்டான்.

இங்கதான் டொலர் கதை. 2021 புரட்டாசியில இருந்து டொலரை 200, 203 ரூபாய்க்குள்ள பிடிச்சு வச்சிருந்தாங்கள். வெளியில உண்டியல்காரன், அதுதான் பாங்க் இல்லாமல் வெளிநாட்டுக் காசைக் கைமாத்தித் தாறவன், 240க்கு மேல தாறான். என்ர தங்கச்சி கனடாவில இருந்து அம்மாவுக்கு மாசாமாசம் அனுப்புறவள். முதல்ல பாங்கால அனுப்பினவள், பேந்து ஒரு நாள் "அண்ணா, உண்டியல்ல போட்டா அம்மாவுக்கு அஞ்சில ஒரு பங்கு கூட வருது, என்ன செய்ய" எண்டு கேட்டவள். நான் உண்டியல்ல போடு எண்டுதான் சொன்னனான். உண்மையைச் சொல்லத்தானே வேணும். என்னைப் போல எத்தினை லட்சம் பேர் அப்பிடிச் சொல்லியிருப்பினம்! வெளிநாட்டில இருந்து உழைச்சு அனுப்புற காசு 2020ல 7.1 பில்லியன் டொலர், 2021ல 5.5, 2022ல 3.8. சனம் அனுப்புறதை நிப்பாட்டேல்ல, பாங்கால அனுப்புறதைத்தான் நிப்பாட்டினது. சனத்தைத் துரோகி எண்டு ரீவியில திட்டினா டொலர் வராது, விலையைப் பிழையாப் பிடிச்சு வச்சா சாமானும் டொலரும் ஒரே மாதிரித்தான் ஒளிக்கும்.

அதால நாடு எங்க போகுது எண்டு அறிய நான் இப்ப பாக்கிற முதல் விஷயம் இதுதான். பாங்க் விலைக்கும் வெளி விலைக்கும் இடையில எவ்வளவு இடைவெளி. ஒரு வீதம் ரெண்டு வீதம் எண்டால் பரவாயில்லை, பத்து வீதத்தைத் தாண்டினா காய்ச்சல் எண்டு அர்த்தம். பேப்பரில வாற பொருளாதாரக் கட்டுரை ஒண்டும் எனக்கு அவ்வளவு தெளிவாச் சொல்லேல்ல.

ரெண்டாவது, கையிருப்பு. 2019 முடிவில நாட்டின்ர வெளிநாட்டு நாணயக் கையிருப்பு 7.6 பில்லியன் டொலர். 2022 பங்குனி முடிவில 1.9. அதிலயும் சீனாவோட செய்த நாணய மாற்றுக் காசு எண்டு பெரும் பகுதி இறக்குமதிக்கு எடுக்கேலாதது, வைகாசி வரேக்க பாவிக்கக்கூடியது 50 மில்லியனும் இல்லாத நிலை. ஆனா அதே 2022 தை 18ம் திகதி 500 மில்லியன் டொலர் பொண்ட் (கடன் பத்திரம்) கடன் ஒண்டை முழுசாக் கட்டினாங்கள், மரியாதை போயிடும் எண்டு. மருந்து வாங்கக் காசு இல்லாத வீட்டில வட்டிக்காரனுக்கு முழுசாக் கட்டின மாதிரி. கடைசியில சித்திரை 12ம் திகதி இனிக் கட்டேலாது எண்டு அறிவிச்சாங்கள். அந்த அறிவிப்பை ஒரு வருஷம் முந்திச் செய்து, கடன்காரரோட கதைச்சு, சர்வதேச நாணய நிதியத்திட்ட அப்பவே போயிருந்தா லைன் நிண்டிருக்காது எண்டு சொல்லேல்ல, ஆனா இவ்வளவு நீளத்துக்கு நிண்டிருக்காது எண்டுறது என்ர அபிப்பிராயம். எல்லாம் சீனாக் கடன்தான் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், அது அரைக் கதை. வெளிநாட்டுக் கடன்ல பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில கூடின வட்டிக்கு வித்த பொண்ட், அதில வந்த டொலரைத் திருப்பி டொலர் உழைக்கிற எதிலயும் நாங்கள் போடேல்ல.

எங்கட பக்கத்தில உரக் கதை தனி. 2021 வைகாசியில இரசாயன உரம் இறக்குமதி செய்யேலாது எண்டு வர்த்தமானி வந்தது, ஒரே இரவில. என்ர மாமா இணுவில் பக்கம் தோட்டம் செய்யிறவர், அந்த ஆள் இயற்கை உரத்துக்கு எதிரி இல்ல, மாட்டெரு, குழை எல்லாம் தாழ்க்கிறவர்தான். "மருமோன், ஒரு பரப்பில செய்து பாத்துப்போட்டு எல்லாப் பரப்புக்கும் போறதுதான் தோட்டக்காரன்ர வேலை, இவங்கள் நாட்டையே ஒரு பரப்பு எண்டு நினைச்சிட்டாங்கள்" எண்டார். கார்த்திகையில தடையை எடுத்தாங்கள், ஆனா அதுக்குள்ள காலபோகம், அதுதான் மழைக்கால நெல் விதைப்பு, போட்டுது, அரிசி இறக்குமதி செய்யவேண்டி வந்தது. டொலர் மிச்சம் பிடிக்க எண்டு நிப்பாட்டின உரம், டொலர் குடுத்து அரிசி வாங்க வச்சது.

2022 பங்குனி 7ம் திகதி டொலர் விலையைப் பிடிச்சு வச்சிருந்ததை விட்டாங்கள், ரெண்டு மாசத்தில 200ல இருந்து 360. சித்திரை 8ம் திகதி புது ஆளுநர் நந்தலால் வீரசிங்க வந்த கையோட வட்டியை ஒரேயடியா 7 வீதம் கூட்டினார், கடன் குடுக்கிற வட்டி 14.5. நாட்டுக்கு அது தேவையான மருந்து எண்டு இப்ப விளங்குது. அண்டைக்கு எனக்கு அது அடி. ஓவர் டிராஃப்ட் வட்டி 11ல இருந்து ஏறி ஏறி வருஷக் கடைசியில 28 வீதம். மெஷின் லீசிங் நல்ல காலம் நிலையான வட்டி, இல்லாட்டி கடையை மூடியிருப்பன். இந்த ஒரு வித்தியாசம்தான் என்னைக் காப்பாத்தினது. எனக்குப் பக்கத்து ரோட்டில இன்னொரு அச்சகம், என்னை விட நல்ல வேலைக்காரன், அவர் எல்லாத்தையும் மாறுற வட்டியில எடுத்தவர். ஐப்பசியில மெஷினை இரும்பு விலைக்குக் குடுத்துப்போட்டு இப்ப ஓட்டோ ஓடுறார்.

பதுக்கினனானோ எண்டு கேட்டா, ஓம் பதுக்கினனான். பயத்தில நகையை அடகு வச்சு மூண்டு மடங்கு மையும் அச்சடிக்கிற ஓப்செற் பிளேற்றும் வாங்கி அடுக்கினன். பிளேற்றுக்கு காலாவதித் திகதி இருக்கு எண்டு எனக்குத் தெரியும், இருபது வருஷமாத் தெரியும், ஆனா பயம் வந்தா தெரிஞ்சது எல்லாம் மறந்து போகும். கரண்ட் இல்லாத வெக்கையில அறை கொதிச்சு, அரைவாசிப் பிளேற் கறுத்துப் பிழைச்சுப் போச்சு. அதோட ஓர்டரும் இல்லை. ஆர் அந்த நேரம் காலண்டர் அடிக்கிறது? வாங்கினது பழுதாகாத சாமானோ, மூண்டு மாசத்துக்குள்ள முடியுமோ எண்டு ஒரு பேப்பரில எழுதிப் பாத்திட்டு வாங்கியிருந்தா நகை இப்ப பாங்கில கிடக்காது. மனுசி அதைப்பற்றி ஒண்டும் கதைக்கிறேல்ல, கதைக்காமல் இருக்கிறதுதான் கஸ்ரம்.

அப்பாவுக்கு இந்தக் கூத்து ஒண்டும் புதுசு இல்லை. "உது என்னடா, 90ல நாங்கள் பாக்காததோ" எண்டுகொண்டு ஜாம் போத்தல் விளக்குச் செய்து தந்தவர். சண்டை நேரம் வடக்குக்குச் சாமான் வராமல் மறிச்ச பொருளாதாரத் தடைக் காலத்தில மண்ணெண்ணையில மோட்டார் சைக்கிள் ஓடினது, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டது, சீனிக்குப் பதிலா பனங்கட்டி கடிச்சது எல்லாம் அவருக்குக் கண்ணுக்க நிக்குது. அதுக்கும் முந்தி 70களில சிறிமா பண்டாரநாயக்க பிரதமரா இருந்த காலத்தில இறக்குமதியை நிப்பாட்ட, எங்கட தோட்டக்காரர் மிளகாய், வெங்காயத்தில கல்வீடு கட்டினதும் சொல்லுவார், தெற்கில சனம் பாணுக்கு லைனில நிண்ட அதே நேரம். நான் யோசிச்சுப் பாத்தன், 90ல சனம் எப்பிடித் தாங்கினது எண்டு. வீட்டில கிணறு, நாலு கோழி, முருங்கை, அடுப்புக்கு விறகு. முக்கியமா, ஆருக்கும் லீசிங் இல்லை. 2022ல எங்களிட்ட மோட்டர் பூட்டின குழாய்க் கிணறு, காஸ் அடுப்பு, மாசம் 5ம் திகதி கட்டுற தவணை. பட்டினி கிடக்கலாம், தவணை கட்டாமல் இருக்கேலாது. சாமான் இல்லாத கஸ்ரத்துக்கும் கடனோட சேர்ந்த கஸ்ரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மீன்பிடிக்கிற ஆக்களுக்கு வந்த அடியை இங்க சொல்லாமல் போகேலாது. மண்ணெண்ணை லீற்றர் 87 ரூபாய், 2022 ஆவணியில ஒரே நாளில 340. குருநகர்ப் பக்கம் வள்ளம் எல்லாம் கரையில ஏத்திக் கவிட்டுக் கிடந்தது. மானியம் எல்லாருக்கும் குடுத்து வச்சிட்டு ஒரு நாள் எல்லாருக்கும் ஒரேயடியா எடுக்கிறதை விட, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா விலையை மாத்தி, ஏலாத ஆக்களுக்கு மட்டும் கையில காசாக் குடுத்திருந்தா அந்தக் கரை அப்பிடிக் கிடந்திருக்காது. இப்ப எரிபொருள் விலையை மாசாமாசம் திருத்துறாங்கள், சனம் திட்டும், ஆனா அடுத்த மாசம் மறந்திடும்.

அந்த வருஷத்தில நல்லா வேலை செய்த ஒரு விஷயம் எண்டால் பெற்றோலைப் பங்கிட்ட கியூஆர் கோட். ஆனி கடைசியில அத்தியாவசிய சேவை தவிர ஒருத்தருக்கும் பெற்றோல் இல்லை எண்ட நிலை, லீற்றருக்கு 470 ரூபாய் விலை வச்சும் லைன் குறையேல்ல. ஆவணியில கியூஆர் வந்து மோட்டார் சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 எண்டு பிரிச்ச உடன நாலஞ்சு கிழமைக்குள்ள லைன் கரைஞ்சிட்டுது. பெற்றோல் பெருகேல்ல, எனக்குரியது எனக்குக் கிடைக்கும் எண்ட நம்பிக்கை வந்தது, அவ்வளவுதான். கேனோட ஓடித் திரிஞ்ச பாதிச் சனம் பதுக்கத்தான் ஓடினது, என்ர பிளேற் மாதிரி.

விலைவாசி ஏறுற வேகம் 2022 புரட்டாசியில உச்சிக்குப் போனது, கொழும்புக் கணக்கில வருஷத்துக்கு 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமான் மட்டும் எடுத்தா 94.9. என்னட்ட மெஷின் ஓடின பெடியன் அந்த மாசம்தான் கட்டாருக்கு வெளிக்கிட்டவன். சம்பளத்தை நான் கூட்டினது 20 வீதம், அரிசி ஒரு மூட்டையும் மாசம் வாங்கிக் குடுத்தனான், ஆனா கணக்கு அவனுக்கும் தெரியும்தானே. அவன் போன பிறகு நான்தான் மெஷினில நிக்கிறன். ஒரு நாடு மந்தத்துக்க போறது எண்டால் ஜீடிபி 2022ல 7 வீதத்துக்கு மேல சுருங்கினது எண்டு எழுதலாம், வறுமை 13 வீதத்தில இருந்து 25க்குப் போனது எண்டு உலக வங்கி கணக்குச் சொன்னதை எழுதலாம், எனக்கு அது அந்தப் பெடியன் பழக்கி வச்ச மெஷினுக்கு இப்பவும் நான் பேப்பர் சரியா ஊட்டத் தெரியாமல் நிக்கிறது.

வங்கியில வைப்பு வச்சிருந்த ஆக்கள் பாடு வேற. எனக்குப் படிப்பிச்ச ரீச்சர் ஒராள், ஓய்வூதியம் எடுத்த காசை 2021ல அஞ்சு வருஷத்துக்கு 7 வீத வட்டிக்குப் போட்டவ. ஒரு வருஷத்தில அந்தக் காசின்ர பெறுமதியில மூண்டில ஒரு பங்குக்கு மேல கரைஞ்சிட்டுது. அவவின்ர தங்கச்சி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிற மாதிரிப் போட்டவ, 2022 கடைசியில திறைசேரி உண்டியல் 30 வீதத்துக்கு மேல போகேக்க அதில மாத்தி ஓரளவு தப்பினவ. அவ கெட்டிக்காரி எண்டு இல்லை, நெடுகக் காசு தேவைப்படும் எண்டு பயத்தில போட்டது. இருந்தாலும் நான் இப்ப அதைத்தான் செய்யிறன், இருக்கிற கொஞ்சத்தை மூண்டாப் பிரிச்சு, ஒண்டு 3 மாசம், ஒண்டு 6, ஒண்டு வருஷம்.

மாற்றமும் நடந்திருக்கு, இல்லை எண்டு சொல்லேலாது. 2023 பங்குனியில நாணய நிதியத்தின்ர 3 பில்லியன் டொலர்த் திட்டம் வந்தது, அதே வருஷம் புது மத்திய வங்கிச் சட்டம் வந்து அரசாங்கத்துக்கு நேர காசு அடிச்சுக் குடுக்கிறது தடை. வற் 18 வீதம் ஆச்சுது, குறைச்சது 7 வீதம், கூட்டினது 10. சந்தோஷத்துக்கு வட்டி.

போன மாசம் வங்கியில இருந்து புதுத் தம்பி ஒருத்தர் வந்தவர், நல்ல பண்பான பெடியன். வட்டி திரும்ப ஒற்றை இலக்கத்துக்கு வந்திட்டுது அண்ணை, உங்கட மெஷின் பழசு, இப்ப எடுத்தாத்தான் எண்டார். வட்டி நிலையானதோ எண்டு கேட்டன். முதல் வருஷம் நிலையானது எண்டார். பிளேன்ரீ ஒண்டு போட்டுக் குடுத்தன், கடிதத்தை வச்சிட்டுப் போங்கோ தம்பி, பின்னேரம் சொல்லுறன் எண்டன்.